இரண்டு நாடுகளில் கண்ட உள்ளூராட்சித் தேர்தல்கள்

பாராளுமன்றத் தேர்தலின் ஆரவாரத்துக்கு முன்னே உள்ளூராட்சித் தேர்தல் ஒரு சிறிய காரியமாகத் தோன்றினும், ஒரு ஜனசமூகம் தன்னைத் தானே ஆளும் விஷயத்தில் எவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறது என்பதை அறிய விரும்புவோன் முதலில் நோக்கவேண்டியது அதனையே என்பது, ஆசிரியத் தொழிலோடு தேர்தற் கடமையையும் பல்லாண்டு காலம் ஏற்று, யாழ்ப்பாணக் குடாநாட்டின் பள்ளிக்கூட மண்டபங்களில் வாக்குப் பெட்டிக்கு அருகே அமர்ந்திருந்து, பின்பு முதுமையில் நோர்வே நாட்டிலே சாதாரண வாக்காளனாக நின்ற என்னுடைய அபிப்பிராயம்.

தேர்தற் கடமை காலை ஏழு மணிக்குக் கதவு திறப்பதோடு தொடங்கி மாலை நான்கு மணிக்கு அதனைச் சாத்துவதோடு முடிவதாகவே பொதுஜனங்களுக்குத் தோன்றும். எங்களுக்கோ அது முதல்நாட் காலையிலேயே ஆரம்பமாகிவிடும். பெட்டி, அரக்கு, நூல், முத்திரை, மை, வாக்குச் சீட்டுப் புத்தகங்கள், வாக்காளர் இடாப்பின் பிரதிகள் ஆகிய யாவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணிக் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்று, பொலிஸ்காரர் துணையோடு பஸ்ஸிலேறி, குறித்த பள்ளிக்கூடத்தை அடைந்து, வாங்குகளையும் மேசைகளையும் வாக்காளர் உட்புகும் வழியும் வெளியேறும் வழியும் ஒன்றையொன்று முட்டாதபடி ஒழுங்குசெய்து, இரவு இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டுப் பெட்டிக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்வோம். நெடுந்தீவுக்கு நியமனம் பெற்றவர்கள் இவற்றோடு குறிகட்டுவான் துறையிற் கடலையுங் கடக்கவேண்டும். விடிந்ததும் கட்சிகளின் முகவர்களை அழைத்து, வெறும்பெட்டியைத் திறந்து காட்டி, அவர்கள் பார்த்திருக்க முத்திரையிட்ட பின்னரே முதலாவது வாக்காளர் உள்ளே வரலாம். மாலையில் வாக்குச் சீட்டுக் கணக்கை எழுதும்போது, பெற்றவை, வழங்கியவை, பழுதானவை, மீந்தவை என்னும் நான்கும் ஒன்றுக்கொன்று ஒத்துவரும்வரையில் ஒருவரும் எழும்புவதில்லை. இத்தொழிலில் ஒருவனுக்குக் கிடைக்கும் உண்மையான திருப்தி அந்தக் கணக்கு நேராவதிலேயே இருந்தது என்பதை என்னோடு கடமையாற்றிய எவரும் ஒப்புக்கொள்வர்.

பெட்டிக்கருகே இருப்பவனுக்கு மற்றவர்களுக்கு வாய்க்காத ஓர் அநுபவமும் உண்டு. கண் தெரியாதவர்களுக்கும் கைநடுக்கமுள்ள முதியவர்களுக்கும், இன்னோர் உத்தியோகத்தர் பக்கத்தில் நிற்க, தலைமை தாங்குபவனே அவர்கள் சொல்லும் இடத்திற் புள்ளடியிடுவது அக்காலத்து முறை. எந்தச் சின்னத்துக்கு என்பதை நான் எக்காலத்திலும் சொல்லமாட்டேன். அவர்கள் அதனைச் சொன்ன விதத்தை மட்டும் சொல்லலாம். "தம்பி, எங்கட ஆக்களுக்குப் போடுங்கோ" என்றுதான் பெரும்பாலானவர்கள் தொடங்குவார்கள். சபைத் தேர்தலாயினும், பாராளுமன்றத் தேர்தலாயினும் வாசகம் ஒன்றே. தம்முடைய ஒழுங்கையில் மாரிக்காலத்திலே முழங்காலளவு வெள்ளம் நிற்பதை வரிசையில் நின்று ஒரு மணி நேரம் முறையிட்ட அதே முதியவர், மறைப்பினுள்ளே வந்ததும் அந்த வெள்ளத்தை முற்றாக மறந்து, ஓர் இனத்தின் பிரதிநிதியாக நின்று பேசுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

இதைக் கொண்டு, யாழ்ப்பாணத்து மக்கள் உள்ளூர் விஷயங்களில் அக்கறையற்றவர்கள் என்று தீர்ப்புக் கூறுவோருண்டு. நான் அதற்கு இணங்கேன். சர்வஜன வாக்குரிமை டொனமூர் அரசியற்றிட்டத்தோடு 1931 இல் இந்நாட்டுக்கு வந்தபோது, பூரண சுயராச்சியம் அதிலே இல்லை என்ற காரணத்தால் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அத்தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்தது. வடக்கின் நான்கு தொகுதிகளில் எவரும் நியமனம் தாக்கல் செய்யாதிருந்து, 1934 இலேதான் அவை நிரப்பப்பட்டன. அக்காங்கிரசின் கூட்டங்களுக்குப் போய்வந்த என் தகப்பனாரே, ஒவ்வோர் அபேட்சகருக்கும் ஒவ்வொரு நிறப்பெட்டி வைத்து நடைபெற்ற பிற்காலத் தேர்தல்களில் விடிவதற்கு முன் போய் வரிசையில் நின்றவர். வாக்கை மறுப்பதும் வாக்கை அளிப்பதும் அவருக்கு ஒரே சிரத்தையின் இரண்டு கிருத்தியங்களாக இருந்தன. கிராமச் சபையின் வட்டார அங்கத்தவர் யார், அவர் எந்தக் கிணற்றை இறைப்பித்தார், எந்த மதகைக் கட்டாமல் விட்டார் என்பதெல்லாம் எங்கள் வாசிகசாலைத் திண்ணையிலே தினமும் அலசப்பட்ட விஷயங்கள்.

அந்தத் திண்ணைச் சம்பாஷணை அற்றுப்போனதற்குத் தேதியுடன் கூடிய காரணம் உண்டு. கிராமச் சபைகளும் பட்டின சபைகளும் 1981 இல் ஒழிக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் மாவட்ட அபிவிருத்திச் சபை வந்தது. அதற்கான தேர்தல் ஜூன் மாதம் 4 ஆந் திகதி. அதற்கு நான்கு நாட்களுக்கு முன்பு, மே 31 ஆந் திகதி இரவில், ஏறத்தாழ 97,000 நூல்களைக் கொண்டிருந்த யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. வலிகாமத்திலே ஒரு பள்ளிக்கூடத்தில் அன்று நான் கனிஷ்ட உத்தியோகத்தனாக இருந்தேன். வாக்காளர்கள் வந்தார்கள், பேசாமல் வந்து, பேசாமற் புள்ளடியிட்டு, பேசாமற் போனார்கள். ஸ்தலஸ்தாபனமொன்றின் பொறுப்புகளைப் பற்றி அன்று ஒருவராவது சிந்தித்திருப்பார் என்று எதிர்பார்ப்பது மனுஷ சுபாவத்தை அறியாமையாகும். அத்தேர்தலின் நடைமுறையிற் பல முறைகேடுகள் நேர்ந்தமை பின்னர் பகிரங்கமாயிற்று. பத்து ஆசனங்களையும் தமிழர் விடுதலைக் கூட்டணியே பெற்றது.

இரண்டு வருஷங்களின் பின், 1983 மே 18 ஆந் திகதி, நகர மாநகர சபைகளுக்குத் தேர்தல் வந்தபோது, விடுதலைப் புலிகள் இயக்கத்தின் பகிஷ்கார அழைப்பும் அதற்கு முன்னர் அபேட்சகர்கள் கொலையுண்டமையுஞ் சேர்ந்து வாக்களிப்பு நிலையங்களை வெறுமையாக்கின. பருத்தித்துறையிலும் வல்வெட்டித்துறையிலும் நூற்றுக்கு ஒருவரோ இருவரோதான் வாக்களித்தனர். அன்று கந்தர்மடத்து நிலையமொன்றிற் காவலிருந்த இராணுவத்தினர் தாக்கப்பட்டு ஒருவர் உயிரிழக்க, அயலிலுள்ள வீடுகள் எரிந்தன. காலை ஏழு மணி தொட்டு ஒருவரும் வராத மண்டபமொன்றில், திறக்காத மைப்போத்தலை முன்னே வைத்துக்கொண்டிருப்பது எத்தகைய அநுபவமென்பது அன்று கடமையிலிருந்தவர்களுக்குத் தெரியும். அதன்பின் பதினைந்து வருஷங்களுக்கு இங்கே உள்ளூராட்சித் தேர்தல் நடைபெறவில்லை. பிரதேச சபைச் சட்டம் 1987 இலேயே நிறைவேறியிருந்தும், குடாநாட்டின் கிராமத்தவர் தம் பிரதேச சபைக்கு முதன்முதலாக வாக்களித்தது 1998 ஜனவரி 29 ஆந் திகதியிலேதான். 1981 இற் பிறந்த குழந்தை ஒன்று, சபை என்பது யாது என்று அறியாமலே பாடசாலைக் கல்வியை ஏறக்குறைய முடித்துவிட்டது.

அந்த 1998 ஆம் வருஷத்தை நான் இலகுவிற் கடந்து செல்ல மாட்டேன். அத்தேர்தலின் பின் மாநகர முதல்வராகிய திருமதி சரோஜினி யோகேஸ்வரன் மே 17 ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் அப்பதவியை ஏற்ற திரு. பொன். சிவபாலன் செப்ரெம்பர் 11 ஆந் திகதி மாநகர சபையில் நடந்த ஒரு கூட்டத்திலே குண்டுக்கு இரையானார். அதற்கு முன்னர், 1975 இலே, முதல்வர் அல்பிரட் துரையப்பாவும் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியிற் கொலையுண்டதை இவ்வூர் கண்டிருந்தது. குப்பை அள்ளுவித்தல், சந்தைக் கடைகளுக்கு வாடகை விதித்தல், வீதி விளக்கேற்றல் என்னும் பணிகளுக்காக ஒரு பதவியை ஏற்பவர் உயிரையும் பணயம் வைக்க நேருமாயின், அந்தப் பதவிக்கான வாக்கைக் குப்பையோடும் விளக்கோடும் மட்டும் தொடர்புபடுத்தி ஒருவன் எப்படி நோக்குவான்?

நான் கடைசியாகக் கடமையாற்றியது 2009 ஓகஸ்ட் 8 ஆந் திகதி நடந்த மாநகர சபைத் தேர்தலில். யுத்தம் முடிந்து மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. இடாப்பிலே ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள். வாக்களித்தவர்களோ நூற்றுக்கு ஏறத்தாழ இருபத்திரண்டு பேர். பத்திரிகைகள் இதனை அசிரத்தையென்று எழுதின. இடாப்பைக் கையில் வைத்திருந்த எனக்கு வேறொன்று தெரிந்தது. எழுதுவினைஞர் பெயரை உரக்க வாசிக்க, முகவர்கள் தங்களுக்குள்ளே, "அவர் கனடாவிலை", "இவ குடும்பத்தோடை லண்டன்", "அவர் செத்து எட்டு வருஷம்" என்று சொல்லிக்கொள்வார்கள். இருப்போரின் பெயர்ப் பட்டியலைவிடப் போனோரின் பெயர்ப் பட்டியல் நீண்டிருந்த அந்த இடாப்பின் பக்கங்களைக் கணக்கிலெடாமல் விகிதாசாரம் பேசுவது நியாயமாகாது. வந்தவர்களுட் பலரும் அச்சத்தோடுதான் வந்தார்கள். அப்படியிருந்தும் வந்தார்கள் என்பதையே நான் பெரிதாக எண்ணுகிறேன்.

ஓய்வு பெற்றபின் மகனுடைய குடும்பத்தோடு ஒஸ்லோவிற் சில வருஷங்கள் வசித்தேன். அந்த நகரின் வடகிழக்கே குரூருட் பள்ளத்தாக்கில் எங்கள் ஊரவர்கள் பலர் குடியிருக்கிறார்கள். 2011 ஜூலை 22 ஆந் திகதி, ஒஸ்லோவிலும் உத்தயா தீவிலும் ஒரு தனி மனிதன் 77 பேரைக் கொன்றான். தீவில் இறந்தவர்கள் 69 பேர், தொழிற் கட்சியின் இளைஞர் முகாமிலிருந்தவர்கள். உள்ளூராட்சித் தேர்தலுக்கோ அப்போது இரண்டு மாதங்கள்கூட இல்லை. கட்சிகள் எல்லாம் இணங்கிப் பிரசாரத்தை ஓகஸ்ட் நடுப்பகுதிவரை நிறுத்திவைத்து, குறித்த நாளாகிய செப்ரெம்பர் 12 ஆந் திகதியில் எவ்வித மாற்றமுமின்றித் தேர்தலை நடத்தின. வாக்களித்தோர் விகிதம் முந்தைய 2007 ஐவிடச் சற்றுக் கூடியது. எனக்கு அவ்வருஷம் வாக்குரிமை இல்லை, பார்வையாளனாகவே இருந்தேன். 1981 இன் அந்த ஜூன் மாதத்தை அறிந்த எனக்கு, துக்கத்தின் நடுவே நடந்த அந்தத் தேர்தல் ஒரு பாடமாக இருந்தது. அங்கே துயருற்றவர்களின் பக்கத்தில் அரசு நின்றது. ஆதலால் வாக்களித்தல் துக்கத்தைப் பகிர்ந்துகொள்ளும் செயலாயிற்று. இங்கே மக்கள் துக்கத்தோடு தனித்து நின்று வாக்களித்தார்கள். இரண்டு ஜனங்களின் மனோபாவத்தையும் ஒப்பிடப் புகுவோர் இந்த வித்தியாசத்தை முதலில் நிறுத்தெடுத்தல் வேண்டும்.

அந்நாட்டில் மூன்று வருஷங்கள் தொடர்ந்து வசித்த அந்நியப் பிரஜைக்கும் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்குண்டு. பாராளுமன்றத்துக்கு வாக்களிக்கப் பிரஜாவுரிமை வேண்டும். குடிநீர், பள்ளிக்கூடம், முதியோர் இல்லம் ஆகியவற்றைத் தீர்மானிக்க அந்த ஊரிற் குடியிருந்தாற் போதும் என்பது அவர்களுடைய சித்தாந்தம். இவ்வுரிமையோடு நடந்த முதலாவது தேர்தல் 1983 செப்ரெம்பரிலே. நான் வெறுமையான மண்டபத்தில் இருந்த அதே வருஷத்திலே. அவ்வாறே 2015 இல், இலங்கைக் கடவுச்சீட்டை வைத்திருந்த எனக்கு, நான் கேளாமலே வாக்காளர் அட்டை தபாலில் வந்து சேர்ந்தது. அங்கே கிராம சேவகர் படிவத்தோடு படலைக்கு வருவதில்லை. குடிசனப் பதிவேடே இடாப்பை உண்டாக்கிவிடுகிறது. வீடு மாறினால் பெயரும் மாறும், இறந்தாற் பெயர் நீங்கும். செத்தவருக்காக வேறொருவர் வாக்களிக்கும் கள்ள வாக்குக்கு அந்த ஏற்பாட்டில் இடமேயில்லை என்பதை, அந்தத் தொல்லையோடு மல்லாடிய என் போன்றவனைவிட வேறு யார் மெச்சுவார்?

தேர்தல் நாளுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே வாசிகசாலைகளிலும் கடைத்தொகுதிகளிலும் முன்கூட்டி வாக்களிக்கலாம். எனினும் பழைய தொழிலின் ஆசை விடாமையால் நான் செப்ரெம்பர் 14 ஆந் திகதி திங்கட்கிழமையே போனேன். எங்களுடையதைப் போன்றே ஒரு பள்ளிக்கூடம். துப்பாக்கியோடு எவரும் நிற்கவில்லை, கட்சி முகவர்கள் இடாப்போடு உட்காரவில்லை, விரலில் மை பூசவில்லை, சின்னங்களும் இல்லை. மறைப்பினுள்ளே ஒவ்வொரு கட்சியின் வாக்குச் சீட்டும் தனித்தனிக் கட்டாக அடுக்கியிருக்க, விரும்பிய கட்சியின் சீட்டை எடுத்து, அதிலுள்ள அபேட்சகர்களில் தனக்கு உகந்தவர்களின் பெயர்களுக்குப் பக்கத்திற் புள்ளடியிட்டு, வேண்டுமாயின் வேறு கட்சிப் பட்டியலிலுள்ள ஒருவரின் பெயரையும் எழுதிச் சேர்த்து, மடித்துக்கொண்டு வெளியே வரவேண்டும். ஊழியர்களுள் ஒருத்தி அங்கேயே வளர்ந்த நம்முடைய பிள்ளை. "அங்கிள், சீட்டை உள்பக்கமா மடிச்சுக் கொண்டுவாங்கோ, நான் முத்திரை குத்தித் தாறன், பிறகு நீங்களே பெட்டியிலை போடுங்கோ" என்றாள். தன் இருபது வயதிலே, எந்தவித பயமுமின்றி, தேத்தண்ணீர்க் கோப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் செய்த அந்த உத்தியோகத்தை என் தலைமுறை எத்தகைய நெஞ்சிடியோடு செய்தது என்பதை அவளுக்கு விளக்கப் போதிய நேரம் அங்கிருக்கவில்லை.

பிரசாரத்திலும் ஒரு காரியம் என்னை வியக்கச் செய்தது. கார்ல் யோகான் வீதியிலே கட்சிகள் சிறு சிறு குடில்கள் அமைத்து, கோப்பி கொடுத்து, வழிப்போக்கரோடு வாதாடும். அவ்வருஷத்து வாதத்தின் மையம் வீட்டு ஆதனத்துக்கு வரி விதிப்பதா என்பது. விதிப்போம் என்று முன்கூட்டியே சொல்லிய தொழிற் கட்சி, சோஷலிச இடதுசாரிகளோடும் பசுமைக் கட்சியோடும் சேர்ந்து நகரின் ஆட்சியைப் பெற்றது. யாழ்ப்பாணத்தில் சோலைவரியை உயர்த்துவோம் என்று கூறி வாக்குக் கேட்ட ஓர் அபேட்சகரை என் வாழ்நாளிற் கண்டதில்லை. வரி எவ்வளவு, அது எங்கே செலவாகிறது என்று அபேட்சகரைக் கேட்ட வாக்காளரையும் அரிதாகவே கண்டிருக்கிறேன். காரணம் வெளிப்படையானது. நோர்வேயின் நகரசபை பாலர் பள்ளி, ஆரம்பப் பாடசாலை, முதியோர் பராமரிப்பு, வைத்தியசேவை ஆகியவற்றை நடத்துகிறது. வருமான வரியிலும் பங்கு பெறுகிறது. 1837 ஆம் வருஷத்துச் சட்டத்திலிருந்து அந்தத் தன்னாட்சி தொடர்கிறது. எங்கள் பிரதேச சபையின் கையிலோ ஒழுங்கை, வாய்க்கால், சந்தை, மயானம், வாசிகசாலை என்பனவும், மத்திய அரசை எதிர்பார்த்திருக்கும் ஒரு திறைசேரியுமே உண்டு. அதிகாரம் எங்கேயுள்ளதோ மக்களின் விவாதமும் அங்கேதான் செல்லும்.

அத்தேர்தலின் முடிவிலே ஒஸ்லோவின் பிரதி மேயராகத் தெரிவானவர், 1988 இல் யாழ்ப்பாணத்திற் பிறந்து, குழந்தைப் பருவத்தில் நோர்வேக்குச் சென்ற கம்சாயினி குணரத்தினம். உத்தயா தீவிலிருந்து நீந்தித் தப்பியவர்களுள் ஒருவர். அப்போது வயது 27. பள்ளத்தாக்கிலுள்ள எங்கள் வீடுகளில் அன்றிருந்த சந்தோஷத்தை மறக்கமாட்டேன். ஆனால் அந்தச் சந்தோஷத்தை நான் கூர்ந்து நோக்கினேன். இலங்கைப் பின்னணியுடையோர் அந்நாட்டுக் குடியேறிகளுள் வாக்களிக்கும் வழக்கம் அதிகமுள்ள கூட்டத்தாருள் அடங்குவர். அவர்களும், இங்கே என்னிடம் புள்ளடியிடச் சொன்ன முதியவர்களைப் போலவே, "எங்கட பிள்ளை" என்றுதான் தொடங்கினார்கள். ஆயினும் அந்த வாக்கியம் அங்கே முடிவடையவில்லை. அவர் எந்தக் கட்சி, பாலர் பள்ளிக் கட்டணத்தைப் பற்றி அக்கட்சி என்ன சொல்கிறது, முதியோர் இல்லத்தில் தமிழ் பேசும் தாதியர் கிடைப்பரா என்று விசாரித்தார்கள். அதே வேலணையிலும் அதே புங்குடுதீவிலும் பிறந்தவர்கள்தாம். அவர்களுடைய சுபாவம் மாறவில்லை. அவர்கள் வாக்கு எதைச் சாதிக்கக்கூடும் என்பது மாறியிருந்தது.

நான் ஊர் திரும்பியபின், 2018 பெப்ரவரி 10 ஆந் திகதி, புதிய முறையிலே தேர்தல் வந்தது: நூற்றுக்கு அறுபது அங்கத்தவர்கள் வட்டாரங்களிலிருந்தும், நாற்பது பேர் பட்டியலிலிருந்தும், பெண்களுக்குக் காற்பங்கு. அந்தந்த வட்டாரத்திலேயே வாக்குகள் எண்ணப்பட்டன. வட்டாரம் என்னும் ஏற்பாடு மீண்டதும், நான் இறந்துவிட்டதென்று எண்ணியிருந்த திண்ணைப் பேச்சு மீண்டது. எங்கள் படலைக்கு வந்த இளம் அபேட்சகரைப் பக்கத்து வளவு ஆச்சி நிறுத்திவைத்து, "தம்பி, உந்த நோட்டீசைப் பிறகு தா. மாரியிலை வெள்ளம் ஏறினா எங்கடை ஒழுங்கையாலை நடக்கேலாது. மதகு எப்ப போடுவாய்?" என்று கேட்டார். நான் தேர்தற் கடமையாற்றிய அத்தனை காலத்திலும் கேட்டிராத கேள்வி அது. அம்முறையில் வேறு குறைகள் இல்லாமலில்லை: மாநகர சபையின் 45 ஆசனங்களில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 16, தமிழ்க் காங்கிரசுக்கு 13, ஈ.பி.டி.பி.க்கு 10 எனப் பிரிந்தமையால் எவருக்கும் பெரும்பான்மை கிடையாமல், வரவு செலவுத் திட்டம் தோற்று, 2020 டிசெம்பரில் முதல்வரும் மாறினார். ஆயினும் வரவு செலவுத் திட்டமொன்றின் நிமித்தம் முதல்வர் மாறுவது, துப்பாக்கியின் நிமித்தம் மாறிய காலத்தை அறிந்தவனுக்கு ஆறுதலே.

இந்த முளையைக் கிள்ளியது ஒத்திவைப்பு. சபைகளின் ஆயுள் முதலில் ஒரு வருஷம் நீட்டப்பட்டது. பின் 2023 மார்ச் 9 எனக் குறித்து, நியமனப் பத்திரங்களும் ஏற்ற பிறகு, பணமில்லையென்று தேர்தல் நிறுத்தப்பட்டது. இரண்டு வருஷங்களுக்கு மேலாகச் சபைகளை உத்தியோகத்தர்களே நடத்தினர். 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் இதனை அடிப்படை உரிமை மீறலென்று தீர்ப்பளித்தது. தேர்தலோ 2025 மே 6 ஆந் திகதியே நடந்தது. ஆறு மாதங்களுக்கு முன் பாராளுமன்றத்துக்கு யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்திக்கு அளித்த வாக்காளர்களே, இம்முறை மாவட்டத்தின் 17 சபைகளிற் பெரும்பாலானவற்றில் தமிழரசுக் கட்சியை முதலிடத்தில் வைத்தார்கள். இரண்டு தேர்தல்களையும் வேறுவேறாக நோக்கும் விவேகம் இங்கே இல்லையென்பவர்களுக்கு இது போதிய விடை.

நோர்வேயிலே பாராளுமன்றத்தைக் கலைக்க எவருக்கும் அதிகாரமில்லை. நான்கு வருஷத்துக்கு ஒருமுறை செப்ரெம்பர் மாதத்தில் உள்ளூராட்சித் தேர்தல் வந்தே தீரும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அடுத்த தேர்தல் எப்போது என்று அறிந்த வாக்காளன், வாக்குறுதியைக் காப்பாற்றாதவனைக் காத்திருந்து தண்டிக்கலாம்; ஆதலால் அவன் மதகைப் பற்றிக் கேட்கிறான். அடுத்த தேர்தல் வருமா என்று அறியாதவனோ, கிடைத்த ஒரு சந்தர்ப்பத்திலே தன் மனத்திலுள்ள மிகப் பெரிய விஷயத்தைச் சொல்லிவிட விரும்புகிறான். எங்கள் சனசமூக நிலையத்திலே இளம் ஆசிரியர்கள் கடமைக்குப் போகுமுன் என்னிடம் ஆலோசனை கேட்க வரும்போது, பெட்டிக்கு முத்திரையிடும் முறையையும் கணக்கெழுதும் முறையையும் சொன்னபின் இதனையும் சொல்கிறேன்: உள்ளூராட்சி மன்றங்களின் ஆயுளை நீட்டும் அதிகாரம் அமைச்சரின் கையிலிருந்து நீங்கி, தேர்தல் மாதம் சட்டத்திலேயே எழுதப்படவேண்டும் என்று உங்கள் தொழிற்சங்கங்கள் கேட்கட்டும். பக்கத்து வளவு ஆச்சியின் மதகு இன்னும் போடப்படவில்லை. அடுத்த முறை யாரைக் கேட்பது என்பதை அவர் அறிந்திருக்கிறார். எந்த வருஷம் கேட்பது என்பதையும் அவருக்கு உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரு சட்டம் வேண்டும்.